பாவாடை நாடா கட்டும் இடத்தில்: மருந்துக்கு அடங்காத படர்தாமரை, ஒரு நிகழ்வு ஆய்வு

போன வருஷம் ஐப்பசி மழையில் ஒரு மாலை, பெரம்பூரில் உள்ள என் கிளினிக்குக்கு ஒரு பெண்மணி வந்தார். வயது 38. வியாசர்பாடி பக்கம் ஹவுசிங் போர்டு வீட்டில் கணவர், மாமியார், இரண்டு பிள்ளைகளோடு இருக்கிறார். கல்யாண சமையல் கான்ட்ராக்டர் ஒருவரிடம் வேலை. முகூர்த்த நாள் என்றால் விடியற்காலை மூன்று மணிக்கே அடுப்பு முன்னால் நிற்க வேண்டும். இங்கே அவரை மல்லிகா என்று சொல்கிறேன். அது அவர் பெயர் இல்லை. எழுதுவதற்கு வீட்டாரிடம் சம்மதம் வாங்கியிருக்கிறேன்.

உட்கார்ந்ததும் பையைத் திறந்து, காலியான டியூப்களை ஒவ்வொன்றாக மேசைமேல் வைத்தார். மொத்தம் ஒன்பது. எல்லாமே பேஸ்ட் டியூபைக் கடைசிவரை உருட்டிப் பிதுக்குவது போலச் சுருட்டியவை. எடுத்துப் படித்தேன். ஏழு டியூப்களில் ஒரே கூட்டுதான்: க்ளோபெட்டசால் என்ற வீரியமான ஸ்டீராய்டு, ஒரு ஆன்டிபயாடிக், ஒரு பூஞ்சை மருந்து.

"மேடம், இதைப் போட்டா ரெண்டு நாள்ல அரிப்பு அடங்கிடுது. விட்டா நாலாம் நாள் மறுபடி வந்துடுது. முன்ன ஒரு ரூபாய் காசு அளவுதான் இருந்துச்சு. இப்ப பாருங்க" என்றார்.

இடுப்பைச் சுற்றி, பாவாடை நாடா இறுக்கும் இடத்தில், பட்டையாக ஒரு கருமை. அதன் விளிம்பு மட்டும் சிவந்து, பொருபொருவென்று செதில் விட்டு, தொப்புளுக்குக் கீழே வளைந்து இறங்கியிருந்தது. வளையத்துக்குள் இன்னொரு வளையம், அதற்குள் ஒன்று. குளத்தில் கல் போட்டால் அலை விரியுமே, அப்படி. ஸ்டீராய்டு பூசிய படர்தாமரை இந்த உருவத்துக்கு வருவதைத் தோல் மருத்துவர்கள் இப்போது தினம் பார்க்கிறோம். இரண்டு தொடை இடுக்கிலும் படை இருந்தது. உள்தொடையில் தோல் மெலிந்து, பிள்ளை பெற்ற வயிற்றில் விழுவது போன்ற அகலமான வரிகள் ஓடின. படை ஆறினாலும் அந்த வரிகள் போகாது. இதை முதல் நாளே சொல்லிவிட்டேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

நோய் தொடங்கிப் பதினான்கு மாதம் ஆகியிருந்தது. முதலில் வீட்டு வைத்தியம்: பக்கத்துத் தெருவில் யாரோ வளர்த்த வண்டுகொல்லி இலையை அரைத்துப் பூசியிருக்கிறார். சீமை அகத்தி என்றும் அதைச் சொல்வார்கள். படைக்கு அதை நம் ஊரில் பல தலைமுறையாகப் பயன்படுத்துகிறோம். இலையில் பூஞ்சையை அடக்கும் பொருள்கள் இருப்பதும் உண்மைதான். ஆனால் இவ்வளவு பரவிய படைக்கு அது போதாது. அப்புறம் மெடிக்கல் ஷாப் டியூப். அதற்கும் அப்புறம் வேறொரு மருத்துவரிடம் டெர்பினாஃபின் என்ற பூஞ்சை மாத்திரை, தினம் 250 மில்லிகிராம், ஆறு வாரம். குறையவில்லை. இடைவெளி விட்டு இன்னும் இரண்டு சுற்று. அப்போதும் குறையவில்லை. சீட்டில் எழுதிய மாத்திரையை ஒரு நாள் விடாமல் சாப்பிட்டதாகச் சொன்னார். நான் நம்பினேன். வேலைக்குப் போகும் இடத்தில் எல்லோர் எதிரிலும் இடுப்பைச் சொறிய முடியாமல், சமையல்கட்டுக்குப் பின்னால் போய் நின்று சொறிந்துவிட்டு வரும் ஒரு பெண் மாத்திரையை ஏன் விடப்போகிறார்?

பரிசோதனை

படையின் விளிம்பை மொட்டைக் கத்தியால் சுரண்டி, அந்தத் தூளைக் கண்ணாடித் தகட்டில் வைத்து, பத்து சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டேன். கே.ஓ.எச். டெஸ்ட் என்பது இதுதான். தோல் செல்கள் கரைந்து தெளிய கால் மணி நேரம் ஆகும். பிறகு நுண்ணோக்கியில் பார்த்தால், தெளிந்த தோலுக்கு நடுவே கிளை பிரிந்து, கணுக்கணுவாகக் குறுக்குச் சுவர் வைத்து ஓடும் பூஞ்சை இழைகள். பார்த்த இடமெல்லாம் இருந்தன. ஸ்டீராய்டு போட்ட தோலில் இழைகள் இப்படி மண்டிக் கிடப்பது வழக்கம். பூஞ்சையை எதிர்க்கும் காவலை அந்த மருந்து தூங்க வைத்துவிடுகிறது. காவல் தூங்கினால் சிவப்பும் அரிப்பும் இருக்காது, நோயாளிக்கு நிம்மதி. பூஞ்சைக்கும்தான்.

இன்னொரு பங்குத் தூளை வளர்ப்புச் சோதனைக்கு அனுப்பினேன். இரண்டு வாரத்தில் வெள்ளையாக, மாவு தூவியது போல ஒரு வளர்ச்சி வந்தது. பார்வைக்கு ட்ரைக்கோஃபைட்டான் மென்டக்ரோஃபைட்டிஸ் கூட்டத்தைச் சேர்ந்தது என்று லேப் சொன்னது. இதோடு விட்டிருந்தால் பாதி உண்மைதான் தெரிந்திருக்கும். மரபணு வரிசை பார்க்கும் பெரிய லேபுக்கு அனுப்பியதில் பெயர் வந்தது: ட்ரைக்கோஃபைட்டான் இண்டோடினியே.

பெயரிலேயே இந்தியா இருக்கிறது. இந்தியா, நேபாளத்தைச் சேர்ந்த நோயாளிகளிடமிருந்து எடுத்த பூஞ்சைகளை ஆராய்ந்து, 2020-ல் ஜப்பான் ஆய்வாளர்கள் இதைத் தனி இனமாகப் பிரித்தார்கள். 2023-ல் நியூயார்க்கில் இரண்டு பெண்களிடம் இது கண்டறியப்பட்டதாக அமெரிக்க நோய்த்தடுப்பு மையத்தின் அறிக்கை வந்தது. ஐரோப்பாவில் பல நாடுகளிலும் இருக்கிறது.

லேப் அறிக்கையில் எனக்கு முக்கியமான வரி அடுத்தது. டெர்பினாஃபினுக்கு இந்தப் பூஞ்சை அடங்க, ஒரு மில்லிலிட்டருக்கு 16 மைக்ரோகிராம் தேவைப்பட்டது. மருந்துக்கு அடங்கும் பூஞ்சை என்றால் ஒரு மைக்ரோகிராமில் சிறு துளியே போதும். காரணமும் தெரிந்தது: ஸ்குவாலீன் எபாக்சிடேஸ் என்ற நொதியில் 397-வது இடத்தில் ஃபீனைல்அலனின் இருக்க வேண்டும், அங்கே லூசின் இருந்தது.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். நம் செல் சவ்வுக்குக் கொலஸ்டிரால் போல, பூஞ்சையின் செல் சவ்வுக்கு எர்கோஸ்டிரால். அதைப் பூஞ்சை படிப்படியாகக் கட்டுகிறது. ஸ்குவாலீனில் தொடங்கும் அந்த வேலையின் ஆரம்பப் படியில் நிற்கும் நொதியின் பள்ளத்தில் டெர்பினாஃபின் போய் உட்கார்ந்துகொள்ளும். எர்கோஸ்டிரால் கிடைக்காது, ஸ்குவாலீன் உள்ளே தேங்கி நஞ்சாகும், பூஞ்சை சாகும். மல்லிகாவின் பூஞ்சையில் அந்தப் பள்ளத்தின் ஓரத்தில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியிருக்கிறது. மருந்து உட்கார இடமில்லை. மூன்று சுற்றில் அவர் விழுங்கிய மாத்திரைகள் அத்தனையும் இந்த ஒரு மாற்றத்தின் முன்னால் வீணாகிவிட்டன.

இட்ராகொனசோலுக்கு மட்டும் பூஞ்சை குறைந்த அளவிலேயே அடங்கியது. இது வேறொரு படியில், லானோஸ்டிராலை மாற்றும் நொதியில் தாக்கும் மருந்து.

சிகிச்சையும் நான் கேட்க மறந்த கேள்வியும்

லேப் முடிவுக்குக் காத்திருக்காமல் முதல் நாளே இட்ராகொனசோல் தொடங்கியிருந்தேன். 100 மில்லிகிராம், காலையும் இரவும், சாப்பிட்டபின். மேலே பூச லுலிகொனசோல். அரிப்புக்கு ஒரு மாத்திரை. கல்லீரல் ரத்தப் பரிசோதனை சரியாக இருந்தது. டியூப்களை மேசையிலேயே விட்டுவிட்டுப் போகச் சொன்னேன். நிறுத்தியதும் பத்து நாள் அரிப்பு கூடும், பயந்து திரும்ப வாங்காதீர்கள் என்றும் சொன்னேன். வாங்கவில்லை.

நான்கு வாரம் கழித்து வந்தார். அரிப்பு கொஞ்சம் தேவலை. ஆனால் விளிம்பு அப்படியே. கே.ஓ.எச்.சில் இழைகள் இன்னும் இருந்தன. லேப் அறிக்கைப்படி வேலை செய்ய வேண்டிய மருந்து ஏன் செய்யவில்லை?

நாள் முழுக்க என்ன சாப்பிடுகிறீர்கள் என்று மணிவாரியாகக் கேட்டேன். இரண்டரைக்கு எழுந்ததும் ஒரு கேஸ் மாத்திரை. கடையில் வாங்கும் பான்டப்ரசோல்தான். வெறும் வயிற்றில் அடுப்புச் சூட்டில் நிற்பதால் நெஞ்செரிச்சல், இரண்டு வருஷமாக விடாமல் போடுகிறார். பிறகு ஒரு கடுங்காப்பி, அதோடு என் கேப்ஸ்யூல். டிபன் பதினோரு மணிக்கு மேல்தான்.

"சாப்பாட்டுக்கு அப்புறம்னு சொன்னேனேம்மா?"

"காலையிலன்னு எழுதியிருந்துச்சு மேடம். எனக்குக் காலைன்னா அதுதானே."

தவறு என்னுடையது. இட்ராகொனசோல் கேப்ஸ்யூல் கரைய வயிற்றில் அமிலம் வேண்டும், கூடவே உணவு வேண்டும். அமிலத்தை அணைக்கும் மாத்திரையைப் போட்டு, வெறும் வயிற்றில் விழுங்கினால் மருந்தில் பெரும்பகுதி ரத்தத்துக்குள் போகாது. எந்த மாத்திரையெல்லாம் சாப்பிடுகிறீர்கள் என்று முதல் நாளே கேட்டேன். கேஸ் மாத்திரையை நம் ஊரில் யாரும் மாத்திரைக் கணக்கில் சேர்ப்பதில்லை என்பதை மறந்துவிட்டேன். அதன் பெயரைச் சொல்லியே கேட்டிருக்க வேண்டும். இப்போது எல்லோரிடமும் அப்படித்தான் கேட்கிறேன்.

கேஸ் மாத்திரையை நிறுத்தினோம். கேப்ஸ்யூல் மதியச் சாப்பாட்டுக்கும் ராத்திரிச் சாப்பாட்டுக்கும் பின்னால் மாறியது. அடுத்த மூன்று வாரத்தில் விளிம்பு தட்டையானது.

இதற்கிடையே குடும்பத்தையும் வரச் சொல்லியிருந்தேன். சரக்கு வண்டி ஓட்டும் கணவருக்குத் தொடை இடுக்கில். பதினோரு வயது மகளுக்கு முதுகில் ஒரே வளையம். அதற்குப் பூச்சு மருந்தே போதுமாக இருந்தது. மாமியாருக்கு இடுப்பில், மருமகளுக்கு இருந்த அதே இடத்தில். பையனுக்கு மட்டும் ஒன்றுமில்லை.

மாமியாருக்கு 66 வயது. சர்க்கரை, ரத்த அழுத்தம், கொலஸ்டிராலுக்கு அட்டார்வாஸ்டாட்டின். இங்கேதான் எனக்குக் கை நடுங்கியது. இட்ராகொனசோல் பூஞ்சையின் நொதியை மட்டும் தடுப்பதில்லை. நம் கல்லீரலில் பல மருந்துகளை உடைக்கும் நொதியையும் தடுக்கிறது. அட்டார்வாஸ்டாட்டின் உடலில் தேங்கினால் தசைகள் சிதையலாம். இதயம் பலவீனமானவர்களுக்கு இட்ராகொனசோலே ஆபத்து. அவருடைய மருத்துவரிடம் போனில் பேசி, இதயத்தைப் பரிசோதித்து, கொலஸ்டிரால் மாத்திரையை வேறொன்றாக மாற்றி, அப்புறம்தான் தொடங்கினேன். ஒரு படைக்கு இவ்வளவு ஏற்பாடு.

துணி விஷயத்தையும் சொல்ல வேண்டும். உதிரும் தோல் செதிலில் பூஞ்சை பல மாதம் உயிரோடு இருக்கும். கொதிக்கக் காய்ந்த நீரில் துவைப்பது, வெயிலில் உலர்த்துவது, இஸ்திரி போடுவது மூன்றும் உதவும். மழைக்காலத்தில் ஒரே அறையில் கயிறு கட்டி ஐந்து பேர் துணியும் காய்கிறது. உள்பாவாடையையும் உள்ளாடைகளையும் யார் கண்ணிலும் படாமல் புடவைக்கு அடியில் காயப்போடுவார்கள். அவை காய்வதே இல்லை. ஈரம் உலராமலே மறுநாள் உடம்புக்கு ஏறுகின்றன. மொட்டை மாடியில் பெண்களுக்கென்று ஒரு கயிறு ஒதுக்க முடியுமா என்று கேட்டேன். மாமியார்தான் மற்ற வீட்டுப் பெண்களிடம் பேசி அதைச் செய்து முடித்தார். துண்டு ஆளுக்கொன்றானது. இந்தக் குடும்பம் குணமானதில் அந்தக் கயிற்றுக்கும் பங்கு உண்டு என்றே நினைக்கிறேன்.

செலவைப் பற்றி ஒரு வரி. மூன்று பேருக்கு மாதக்கணக்கில் கேப்ஸ்யூல், நால்வருக்கும் கிரீம், ரத்தப் பரிசோதனை. இரண்டு மாதச் சீட்டுப் பணம் மருந்துக்குப் போனது.

நான்கு வகையில் இவருக்கு மிஞ்சியது ஒன்று

உடலுக்குள் செலுத்தும் பூஞ்சை மருந்துகளில் நாம் அதிகம் பேசுபவை நான்கு வகை. ஆம்ஃபோட்டெரிசின் போன்ற பாலியீன்கள், இட்ராகொனசோல் போன்ற அசோல்கள், காஸ்போஃபங்கின் போன்ற எக்கினோகாண்டின்கள், ஃப்ளூசைட்டோசின். தோல், நகப் பூஞ்சைக்கு என்று டெர்பினாஃபின். பழைய கிரிசியோஃபுல்வினும் உண்டு. 1939-ல் ஒரு பெனிசிலியம் பூஞ்சையிலிருந்து பிரித்தது. மல்லிகாவின் பக்கம் நின்று இந்தப் பட்டியலைப் பாருங்கள். ஆம்ஃபோட்டெரிசினும் காஸ்போஃபங்கினும் ரத்தக் குழாயில் ஏற்றுபவை. தோலின் மேலடுக்கில் தங்கி வேலை செய்யாது. ஃப்ளூசைட்டோசின் இந்த வகைப் பூஞ்சைக்கு உதவாது. கிரிசியோஃபுல்வின் இப்போதைய படைகளில் சரியாக எடுபடுவதில்லை. டெர்பினாஃபின் போய்விட்டது. மிஞ்சுவது இட்ராகொனசோலும் அதன் உறவு மருந்துகளும்தான். அதுவும் போனால்? இதை நான் மிகைப்படுத்திச் சொல்லவில்லை. அசோல்களுக்கும் அடங்காத இண்டோடினியே பூஞ்சைகள் ஏற்கெனவே பதிவாகியிருக்கின்றன.

புது மருந்து ஏன் இவ்வளவு அரிது? பாக்டீரியா நம்மிடமிருந்து வெகு தூரத்து உயிர். அதில் இருக்கும், நம்மிடம் இல்லாத உறுப்பு நிறைய. குறி வைப்பது எளிது. பூஞ்சை அப்படியில்லை. செடிகளைவிட விலங்குகளுக்குத்தான் அது நெருங்கிய சொந்தம். அதன் செல்லுக்கு நஞ்சானது பெரும்பாலும் நம் செல்லுக்கும் நஞ்சு. எர்கோஸ்டிரால், செல் சுவரில் இருக்கும் குளுக்கான் என்று சில வித்தியாசங்கள்தான் கைக்குக் கிடைத்தன. இத்தனை வருஷமாக அவற்றையே திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டிருக்கிறோம். கடந்த பத்தாண்டில் அமெரிக்கா, ஐரோப்பா, சீனா மூன்றிலுமாக அனுமதி பெற்ற புதிய பூஞ்சை மருந்துகள் நான்கே நான்கு என்று உலக சுகாதார நிறுவனம் 2025-ல் எண்ணிச் சொன்னது.

அந்த நிறுவனம் 2022-ல் வெளியிட்ட முன்னுரிமைப் பட்டியலில் 19 பூஞ்சைகள் இருக்கின்றன. ஐ.சி.யூ.வில் உயிரெடுக்கும் காண்டிடா ஆரிஸ் முதல் வரிசையில். நியாயம்தான். ஆனால் படர்தாமரைப் பூஞ்சை ஒன்றுகூட அதில் இல்லை. உயிரை எடுக்காத நோய் என்பதால் வரிசையில் இடமில்லை. பதினான்கு மாதம் தூக்கமில்லாமல் இருந்த ஒருவரை எதிரில் உட்கார வைத்துக்கொண்டு இதை ஏற்பது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

வரப்போகும் மருந்துகளில் நான் ஆவலோடு பார்ப்பது ஓலோரோஃபிம். இது சவ்வையும் சுவரையும் விட்டுவிட்டு, பூஞ்சை தன் டி.என்.ஏ.வுக்கு வேண்டிய பிரிமிடின்களைக் கட்டும் நொதியைத் தடுக்கிறது. முற்றிலும் புது வழி. டெர்பினாஃபினை ஏமாற்றிய மாற்றம் இதை ஏமாற்றாது. சோதனைக் குழாயில் படர்தாமரைப் பூஞ்சைகளை இது அடக்குவதை இந்திய ஆய்வாளர்கள் 2021-லேயே காட்டியிருக்கிறார்கள். ஆனால் மனிதர்களிடம் நடக்கும் பெரிய சோதனை நுரையீரலைத் தாக்கும் ஆஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சைக்குத்தான். 2023-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு கூடுதல் தரவு கேட்டுத் திருப்பி அனுப்பியது.

இதில் எனக்கு ஒரு பெரிய கவலை. ஓலோரோஃபிம் தாக்கும் அதே நொதியைத் தாக்கும் ஐப்ஃப்ளூஃபெனோக்வின் என்ற பயிர்ப் பூஞ்சைக்கொல்லி வந்துவிட்டது. அதைச் சந்தித்துத் தப்பித்த ஆஸ்பர்ஜில்லஸ் ஓலோரோஃபிமுக்கும் அடங்காமல் போவதை ஆய்வகத்தில் பார்த்துவிட்டார்கள். ஃபோஸ்மனோஜெபிக்ஸ் என்ற இன்னொரு நல்ல மருந்துக்கும் இதே கதை. அதன் குறியைத் தாக்கும் பயிர் மருந்தின் பெயர் அமினோபைரிஃபென். நோயாளிக்கு மருந்து வந்து சேர்வதற்குள் வயலில் அதன் பூட்டைத் திறக்கப் பூஞ்சை பழகிவிடலாம்.

சரி, தோலுக்கென்று யாருமே எதுவும் செய்யவில்லையா? செய்திருக்கிறார்கள், அதுவும் நம் ஊர்ப் பெயர் கொண்ட நோய்க்கு. 1842-ல் மதுரையில் ஜான் கில் என்ற மருத்துவர் விவரித்த கால்வீக்கம்தான் உலகெங்கும் 'மதுரா ஃபுட்' ஆனது. பல வருஷம் பூஞ்சை தின்று, கடைசியில் காலையே எடுக்க வைக்கும் நோய். வெறுங்காலோடு வயலில் நிற்கும் ஏழைகளின் நோய் என்பதால் மருந்துக் கம்பெனிகள் திரும்பிப் பார்க்கவில்லை. ஜப்பானில் நகப் பூஞ்சைக்கு உருவாக்கிய (அங்கே 2018-ல் அனுமதி பெற்றது) ஃபோஸ்ரவுகொனசோலை எடுத்து, டி.என்.டி.ஐ. என்ற லாப நோக்கமற்ற அமைப்பும் ஈசாய் கம்பெனியும் கார்ட்டூம் மைசிட்டோமா (மதுரா ஃபுட்டின் மருத்துவப் பெயர்) ஆய்வு மையமும் சேர்ந்து, 2017 முதல் சூடானில் சோதித்தன. தினம் விழுங்கும் இட்ராகொனசோலுக்குக் கிட்டத்தட்ட ஒத்த பலனை வாரம் ஒருமுறை போடும் மாத்திரை தந்தது. லாபம் கிடைக்காத நோய்க்கும் ஆள் சேர்ந்தால் மருந்துச் சோதனை நடத்தலாம் என்பதற்கு இது கண்ணெதிரே இருக்கும் சாட்சி. இண்டோடினியேவுக்கு ஏன் அப்படி ஒரு கூட்டு இந்தியாவில் தொடங்கக் கூடாது? நோயாளிகள் இங்கேதான் இருக்கிறார்கள். எங்கள் ஓ.பி. வரிசையில் ஒரே காலையில் பத்துப் பேரைக் காட்ட முடியும்.

நமக்கு இதில் முன்கதையும் உண்டு. புனே அருகே பிம்ப்ரியில், இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் என்ற அரசு நிறுவனத்தில் திருமலாச்சார் குழு, மண்ணில் கிடைத்த ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற பாக்டீரியாவிலிருந்து ஹாமைசின் என்ற பூஞ்சை மருந்தைப் பிரித்தது. சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் துறையில் சதாசிவனும் சி.வி. சுப்பிரமணியனும் பூஞ்சைகளைத் தேடிச் சேர்த்து வகைப்படுத்திய வேலையை உலகமே மதித்தது. காஸ்போஃபங்கினின் மூலம் ஸ்பெயின் நாட்டில் எடுத்த ஒரு பூஞ்சை. பூஞ்சையை அடக்கும் சரக்கு இன்னொரு பூஞ்சையிடமே இருந்தது. பிச்சாவரத்துச் சதுப்பு இலைகளிலும் மேற்குத் தொடர்ச்சி மலை உதிர்சருகிலும் தேட நமக்கு என்ன தடை?

அதுவரை கையில் இருக்கும் ஒன்றைக் காப்பாற்றியாக வேண்டும். வீரியமான பல ஸ்டீராய்டு கிரீம்களைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் 2018-லேயே சேர்த்தாகிவிட்டது. மல்லிகாவின் ஏழு டியூப்களில் ஒன்றுக்குக்கூட யாரும் சீட்டுக் கேட்கவில்லை.

இப்போதைய நிலை

மருந்து நேரத்தை மாற்றிய பன்னிரண்டாவது வாரம் மல்லிகாவின் படை முழுக்க ஆறியது. கே.ஓ.எச்.சில் இழை இல்லை. இன்னும் இரண்டு வாரம் கொடுத்து நிறுத்தினேன். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது இடுப்பில் கருமை மட்டும் இருந்தது, அதுவும் மங்கிக்கொண்டிருந்தது. தொடை வரிகள் அப்படியே. கல்யாண சீசனில் வேலைக்குப் போகிறார். நெஞ்செரிச்சலுக்கு, கிளம்பும்போது இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டுப் போகிறார்.

மகளுக்கு ஐந்து வாரத்தில் சரியானது. மாமியாருக்கு நான்கு மாதம் பிடித்தது. கல்லீரல், இதயம் இரண்டிலும் தொந்தரவு இல்லை.

போன வாரம் கணவர் தனியாக வந்தார். வலது தொடை இடுக்கில், ஒரு ரூபாய் காசு அளவில் புதிதாக ஒரு வளையம். நடுவில் இரண்டு வாரம் லோடு ஏற்றிக்கொண்டு வெளியூர் போயிருந்தபோது கேப்ஸ்யூலை விட்டிருக்கிறார். இந்த முறை எதையும் பூசாமல் நேராக இங்கே வந்துவிட்டார். விளிம்பைச் சுரண்டி, இட்ராகொனசோலுக்கு இன்னும் அடங்குகிறதா என்று பார்க்கச் சொல்லி லேபுக்கு அனுப்பியிருக்கிறேன். முடிவு வர மூன்று வாரம் ஆகும்.